திருகோணமலை நீர் ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலர்வலய நீர் முகாமைத்துவத்தை ஆராய நம் மாவட்டத்துக்கு வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை வரவேற்க வேண்டும். கருவிகளும் நிதியும் நல்ல ஆய்வுகூடங்களும் அவர்களிடம் இருக்கின்றன. ஆனால் ஆய்வுக் கேள்வியை அங்கேயே எழுதி முடித்துவிட்டு, தரவு சேகரிக்க மட்டும் இங்கே ஆள் தேடினால் அந்த ஆய்வால் ஒரு வாய்க்காலுக்கும் பயன் வராது.

பெரிய தவறு, நம்மைப் பாலைவனத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுவது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீற்றர். திருகோணமலையில் அது 1,500 மில்லிமீற்றரைத் தாண்டும். மழை போதாமல் நாம் தவிக்கவில்லை. அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது, பிறகு மாதக்கணக்கில் கச்சான் காற்று நிலத்தை உலர்த்துகிறது. ஆகவே மாரி நீரை எங்கே தேக்குவது, யாருக்கு எப்போது விடுவது என்பதுதான் இங்கே முதற்கேள்வி.

இதைக் கவனிக்காதவர்கள் 'நீர்ச் சேமிப்பு' என்று எதையும் பாராட்டிவிடுவார்கள். மேற்குளத்து வயலில் வடியும் நீர் கீழ்க்குளத்துக்குப் போய்ச் சேரும் அமைப்பு நம்முடையது. மேலே வாய்க்காலுக்குக் கொங்கிறீற் போட்டுக் கசிவை அடைத்தால் அறிக்கையில் மிச்சம் தெரியும். கீழே உள்ள கிணற்றுக்காரருக்கு ஊற்று குறையும். குளத்தொடர் முழுவதையும் அளக்காமல் ஒரு வயலை மட்டும் அளந்து எழுதும் முடிவை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது காலம். பல குழுக்களுக்கு ஜூலை, ஓகஸ்டில்தான் விடுமுறை. அப்போது வந்து வற்றிய குளத்தைப் படம்பிடித்துப் போனால், குளம் நிரம்பி மிகைநீர் வான் வழியே பாயும் டிசெம்பரை யார் பார்ப்பது? நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் கரையோர மணலில் இது இன்னும் முக்கியம். அங்கே நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் அடிப்படைக் கணக்கு. மேல்மட்டம் சற்று இறங்கினாலும் அடியிலிருந்து உவர் பன்மடங்கு ஏறிவரும் என்பதும் அதே கணக்குத்தான். காலையில் மோட்டர் போடும்போது நல்லதாக இருக்கும் தண்ணீர், வெங்காயப் பாத்திகளுக்கு இறைத்து முடியும்போது கரிக்கலாம். ஒரே கிணற்றில் காலையும் மாலையும், மாரியிலும் கச்சானிலும், உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்தால்தான் உண்மை தெரியும். உரம் போடும் காணிகளில் நைத்திரேற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

அனுமதிக்கு ஒரே ஒரு கந்தோரின் கதவைத் தட்டுவதும் போதாது. 80 ஹெக்டேயர் வரை பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. பெருங்குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது. ஆனால் குளத்து மதகான துருசு திறந்தபின் எந்த வரவைக்கு முதலில் தண்ணீர் போகும், கடைவயலுக்கு எத்தனை நாள் பிந்தும் என்பதை, வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைதான் சொல்லுவார். அவரை வழிகாட்டியாக மட்டும் கூட்டிக்கொண்டு திரிவது அநியாயம். திட்டம் எழுதும்போதே அவரும் கமக்காரர் அமைப்பும் உட்கார வேண்டும், அவர்கள் செலவிடும் நேரத்துக்குக் கொடுப்பனவும் இருக்க வேண்டும்.

குளக்கட்டில் துளையிட்டு உணரி பொருத்த நினைப்பவர்களுக்கு ஒன்று. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டில் யாரோ குழி தோண்டுவதைப் பார்த்தால் கீழே குடியிருப்பவர்கள் பதறுவார்கள், பதறத்தான் வேண்டும். பொறியியலாளரின் எழுத்து அனுமதியும் ஊரவரோடு முன்கூட்டியே ஒரு பேச்சும் இல்லாமல் கட்டைத் தொடக்கூடாது.

தரவு யாருடையது, ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் வரும், திட்டம் முடிந்தபின் கருவிகள் எங்கே இருக்கும் என்பவற்றை முதல் மாதமே எழுதிக் கையெழுத்திட வேண்டும். இங்குள்ள மாணவர்கள் நீர் மாதிரிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, பகுப்பாய்வு முழுவதும் வெளிநாட்டிலேயே நடந்தால் நம் வளாகங்களில் திறமை வளராது.

ஆங்கிலக் கட்டுரை வெளிவரும்வரை முடிவுகளைப் பொத்தி வைக்கவும் வேண்டாம். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் விடுவது என்பதெல்லாம், மாரிகாலச் செய்கையான பெரும்போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானமாகின்றன. குளத்தின் கொள்ளளவு, கிணறுகளின் உவர்நிலை பற்றிய இரண்டு பக்கக் குறிப்பொன்று தமிழிலும் சிங்களத்திலும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்பே கமக்காரர் கையில் இருக்க வேண்டும்.