ஸ்கைரிமில் வேட்டைக்காரராக ஆட வேண்டுமா? காவற்கோபுரத்துக்குப் போகாதீர்கள்

ஸ்கைரிம் வீடியோ கேமில் சாதாரண வேட்டைக்காரராக ரோல்பிளே செய்ய (அந்த வேடத்தில் வாழ்ந்து ஆட) ஆசையா? வைட்ரன் நகரின் மேற்குக் காவற்கோபுரத்தில் டிராகனைக் கொல்லும் குவெஸ்ட்டை (கதைப் பணியை) முடிக்காமல் விட்டுவிடுங்கள்.

அந்தச் சண்டை முடிந்த பிறகுதான் உலகெங்கும் டிராகன்கள் சுற்றத் தொடங்கும். அதுவரை வானம் காலி. மான் பின்னாலேயே நாள் முழுக்கத் திரியலாம். 'தேர்ந்தெடுக்கப்பட்ட வீரன்' என்ற பட்டமும் தலையில் ஏறாது. ரிவர்வுட் கிராமத்தில் தோலைப் பதனிட்டு விற்று வயிறு கழுவுகிற ஆள் என்றால் நம்பும்படி இருக்கும். துணைக்கு அதே ஊர் ஃபேண்டாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வில்வித்தையும் சொல்லித்தருவான். (அவனுடைய காதல் தகராறில் அவன் பக்கம் நின்றால்தான் கூட வருவான். அதுவே ஒரு நல்ல கிளைக்கதை.) ஆட்டம் இன்னும் கடுமையாக வேண்டுமென்றால் பசி, குளிர், களைப்பு எல்லாம் வாட்டும் சர்வைவல் மோடைப் போடுங்கள், ஃபாஸ்ட் டிராவல் (வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து உடனே அங்கே போவது) போய்விடும், அம்புக்கும் எடை வந்துவிடும்.

கோபுரத்து டிராகனை ஏற்கெனவே கொன்றுவிட்ட சேவில் (சேமித்த ஆட்டத்தில்) இது பலிக்காது. ஷவுட் (டிராகன் மொழியில் கத்தும் மந்திரச் சொற்கள்) பிடித்தவர்களுக்கும் சரிப்படாது: டிராகன் ஆன்மா இல்லாமல் அவற்றைத் திறக்க முடியாது. அந்த டிராகனைக் கொன்ற பிறகே துணைக்கு வரும் லிடியாவும் கிடைக்கமாட்டாள்.