கேள்வியைப் பிரித்துப் படித்தால் பாதிக் கட்டுரை முடிந்தது

மதிப்பெண் குறைந்த கட்டுரைகளில் தகவல் பஞ்சம் அபூர்வம். கேட்டது ஒன்று, எழுதியது வேறொன்று என்பதுதான் வழக்கமான சறுக்கல். ஆகவே புத்தகத்தைத் திறக்கும் முன் கால் மணி நேரம் கேள்வியோடு உட்காருங்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சமயச் சீர்திருத்தத்துக்கு அச்சு இயந்திரம் எந்த அளவுக்குக் காரணம்? மதிப்பிடுக." (சமயச் சீர்திருத்தம் என்பது 1517இல் ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்த, கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த இயக்கம்.) இந்தக் கேள்வியில் மூன்று இடங்களில் அடிக்கோடு வேண்டும். நூற்றாண்டு, உங்கள் எல்லை. 'எந்த அளவுக்கு' என்றால் மற்ற காரணங்களோடு சேர்த்து எடைபோட வேண்டும். 'மதிப்பிடுக' என்றால் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'விவரி' என்று கேட்டிருந்தால் அது தேவைப்படாது. அச்சு இயந்திரத்தின் வரலாற்றை நான்கு பக்கம் பிழையில்லாமல் எழுதினாலும் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது.

அடுத்தது மையக் கருத்து, ஒரே வாக்கியத்தில். "அச்சு முக்கியப் பங்கு வகித்தது" என்று எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை. அதனாலேயே அது உதவாது. "அச்சு சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பியது, ஆனால் அவை நிலைத்தது ஆட்சியாளர்கள் தந்த பாதுகாப்பால்" என்பதை ஒருவர் மறுத்து வாதாடலாம். அப்படி ஒரு வாக்கியம் கிடைத்த பிறகு படிக்கத் தொடங்குங்கள். சான்றுகள் எதிராக நின்றால் வாக்கியத்தை மாற்றுங்கள், சான்றை மறைக்காதீர்கள்.

குறிப்பெடுக்கும்போது நூலின் சொற்களை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், பக்க எண்ணை அப்போதே எழுதுங்கள், உங்கள் எண்ணங்களை வேறு நிறத்தில் வையுங்கள். மூன்றும் கலந்துவிட்டால் எந்த வாக்கியம் யாருடையது என்று பத்து நாள் கழித்து உங்களுக்கே தெரியாது. தெரியாமல் நேரும் எழுத்துத் திருட்டு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

பிறகு கணக்கு. 1,500 சொற்கள் என்றால் முன்னுரைக்கு 150, முடிவுரைக்கு 150, பொருளுரைக்கு 1,200. பத்திக்கு 200 என்று வைத்தால் ஆறு பத்திகள். கையில் பதினொரு கருத்துகள் இருந்தால் ஐந்தை விட வேண்டியதுதான். எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் விளங்காது. குறிப்புச்சட்டத்தில் 'லூத்தர்', 'மன்னர்கள்' என்று தலைப்புகளை மட்டும் எழுதாதீர்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள்: "1521இல் லூத்தரைக் காப்பாற்றியது ஜெர்மனியின் சாக்சனி ஆட்சியாளர் தந்த அடைக்கலம்." ஆறு வாக்கியங்களையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். இடம் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடவில்லை என்றால் கையில் இருப்பது பட்டியல், இன்னும் வாதமாகவில்லை.

இனி ஒரு பத்தியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

"எதிர்ப்புக் குரல் எழ அச்சு தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் அச்சு இயந்திரத்தை உருவாக்கிய குட்டன்பர்க்கின் விவிலியம் 1455 வாக்கில் அச்சானது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1415இல், திருச்சபையை எதிர்த்த யான் ஹுஸ் எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய இயக்கம் போஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) வேரூன்றியது. ஆனால் 1517க்குப் பின் லூத்தரின் எழுத்துகள் பரவிய வேகம் அதற்கு வாய்க்கவில்லை. அச்சு மாற்றியது எதிர்ப்பின் வீச்சையே."

முதல் வாக்கியம் கூற்று, நடுவில் சான்று, கடைசியில் அந்தச் சான்று மையக் கருத்துக்கு எப்படி உதவுகிறது என்ற விளக்கம். மாணவர்கள் விட்டுவிடுவது கடைசி வாக்கியத்தைத்தான். சான்று தானாகப் பேசாது, பேசவைக்க வேண்டும்.

எதிர்வாதத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், அதுவும் வலுவான எதிர்வாதத்துக்கு. "மக்களின் மனநிலையை அச்சு மாற்றியதால்தானே ஆட்சியாளர்கள் துணிந்தார்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். இதை அரை வரியில் தள்ளிவிட முடியாது. எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்கிறீர்கள், எங்கே மறுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

மேற்கோள் முறையை உங்கள் துறை முடிவு செய்யும். ஏபிஏ (APA, அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்தது) முறையில் ஆசிரியர் பெயரோடு ஆண்டு வரும். எம்எல்ஏ (MLA, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்தது) முறையில் பெயரோடு பக்க எண். இரண்டையும் கலக்கக் கூடாது. நீண்ட மேற்கோளை, அதாவது ஏபிஏவில் 40 சொற்களோ அதற்கு மேலோ, எம்எல்ஏவில் நான்கு வரிக்கு மேற்பட்ட உரைநடையோ உள்ளதை, மேற்கோள் குறி இல்லாமல் உள்தள்ளித் தனிப் பத்தியாக அமைக்க வேண்டும். சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் கருத்து பிறருடையது என்றால் மூலத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். கட்டுரை எங்கே போய் நின்றது என்று அப்போதுதான் தெரியும். "மனிதன் தோன்றிய காலம் முதல்" என்று தொடங்கினால் அந்த வரியை அடித்துவிடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. முடிவுரையில் புதுச் சான்று வேண்டாம்.

ஒரு வாரம் இருந்தால் கேள்விக்கும் மையக் கருத்துக்கும் ஒரு நாள், வாசிப்புக்கு மூன்று, குறிப்புச்சட்டத்துக்கும் முதல் வரைவுக்கும் இரண்டு, திருத்தத்துக்கு ஒன்று. வாசிப்பு மற்ற நாட்களையும் விழுங்கப் பார்க்கும்; நான்காம் நாள் இரவோடு நிறுத்துங்கள்.

திருத்தும் நாளில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஐந்தாறு சொற்களில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்திக்குள் இரண்டு கருத்துகள் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். கடைசியாக, கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு ஆசிரியர் பெயரும் நூற்பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் வந்திருக்கிறதா என்று பென்சிலால் குறியிட்டுச் சரிபார்த்து அனுப்புங்கள்.