குடல் நுண்ணுயிரிகளும் மூளையும்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவியல் பயிற்சிக்கு வருபவர்கள் நோயாளிகளுக்காக எழுதும் குறிப்புகளைத் திருத்துவது என் பணிகளுள் ஒன்று. குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதும்போது, இத்துறைக்குள் நுழையும் எல்லோரும் வழுக்கும் அதே இடங்களில்தான் இவர்களும் வழுக்குகிறார்கள். நுண்ணுயிரிகளின் பெயரை மாற்றி எழுதுவது போன்ற பிழைகள் ஒரு முறை சுட்டிக்காட்டினால் திருந்திவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

குடலின் செரட்டோனினை மூளையின் கணக்கில் எழுதுவது

மனநிலையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் வேதிப்பொருளான செரட்டோனினில், உடலில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் உருவாகிறது என்பது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, மகிழ்ச்சியே வயிற்றில்தான் பிறக்கிறது என்று முடிவுகட்டுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு. குடற்சுவரின் என்டரோகுரோமாஃபின் செல்கள் சுரக்கும் செரட்டோனின் குடலின் அசைவையும் சுரப்பையும் நெறிப்படுத்துகிறது. இரத்தத்தில் கலப்பதில் பெரும்பகுதியைத் தட்டணுக்கள் எடுத்து வைத்துக்கொள்கின்றன. இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி அது மூளைக்குள் செல்வதில்லை.

மூளை தனக்கு வேண்டிய செரட்டோனினைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கு மூலப்பொருள் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம். அது லூசின், டைரோசின் முதலிய பிற அமினோ அமிலங்களோடு ஒரே கடத்திப் புரதத்துக்காகப் போட்டியிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். ஆகவே, புரதம் மிகுந்த உணவு டிரிப்டோபனைக் கூட்டும்போதே அதன் போட்டியாளர்களையும் கூட்டிவிடுகிறது. மேலும், டிரிப்டோபனின் பெரும்பகுதி செரட்டோனினாக மாறாமல், கைனுரெனின் என்னும் வேறொரு பொருளாக மாறும் பாதையில் செலவாகிவிடுகிறது. உடலில் அழற்சி மிகுந்தால் அந்தச் செலவும் மிகும். நுண்ணுயிரிகள் மூளையின் வேதியியலைத் தொடுவது இத்தகைய சுற்றுவழிகளில்தான். வித்துகளை உருவாக்கும் சில பாக்டீரியாக்கள் குடலின் செரட்டோனின் உற்பத்தியைத் தூண்டுவதை ஆய்வாளர் எலைன் சியாவோ குழுவினர் 2015இல் எலிகளில் காட்டினார்கள். அதன் விளைவாக அவர்கள் கண்ட மாற்றங்களும் குடல் அசைவிலும் தட்டணுக்களின் செயல்பாட்டிலும்தான் இருந்தன.

வாழைப்பழத்தில் செரட்டோனின் இருப்பதால் அது மனச்சோர்வைப் போக்கும் என்று ஒரு பயிற்சியாளர் எழுதியிருந்தார். அந்தச் செரட்டோனின் சிதைந்து சிறுநீரில் வெளியேறுகிறது, அதனால்தான் செரட்டோனினின் சிதைவுப் பொருளைச் சிறுநீரில் அளக்கும் 5-எச்.ஐ.ஏ.ஏ. பரிசோதனைக்கு முன் வாழைப்பழத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இதே போன்றதொரு கட்டுரையை நம்பி, மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்ட பெண் ஒருவர், தலைசுற்றலோடும் உறக்கமின்மையோடும், முன்னிலும் மோசமான சோர்வோடும் எங்களிடம் வந்தார். அரைகுறையாகப் புரிந்துகொண்ட ஒரு விழுக்காட்டுக் கணக்குக்கு அவர் கொடுத்த விலை அது.

எலியின் முடிவை மனிதருக்கு எழுதுவது

லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜே.பி.-1 என்னும் பாக்டீரியா எலிகளின் பதற்றத்தைக் குறைத்ததும், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்ததும் அந்த விளைவு மறைந்ததும் 2011இல் வெளியாயின. அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. அவர்களுடைய மன அழுத்தத்தில் மாற்றம் எதுவும் இல்லை. முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மருந்தை நிறுத்தலாம் என எழுதுவது

ஒருபோதும் கூடாது.

உணவின் பலனை நுண்ணுயிரிகளுக்கே எழுதிக்கொடுப்பது

ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுள்ள 67 பேர் பங்கேற்றனர். 12 வார உணவு ஆலோசனைக்குப் பின், உணவுக் குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரும், அந்த ஆலோசனை பெறாத மறு குழுவில் 8 விழுக்காட்டினரும் நோய் தணிந்த நிலையை அடைந்தார்கள். நம்பிக்கையூட்டும் முடிவுதான். ஆனால் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வழக்கமான சிகிச்சையிலும் இருந்தார்கள். தாங்கள் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதை அவர்களிடமிருந்து மறைக்கவும் வழியில்லை. ஆய்வின் முதன்மை அளவீடு மனச்சோர்வு மதிப்பெண்ணே தவிர, குடல் நுண்ணுயிரிகள் அல்ல.