கொடுத்த எழுத்துகளில் ஐந்தெழுத்து, ஆறெழுத்து ஆங்கிலச் சொற்களைப் பிடிப்பது எப்படி

முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கும் வேர்ட்ஸ்கேப்ஸ் மாதிரி கைபேசி விளையாட்டுகளில் திரையில் வட்டமாக நிற்கும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தால், முதலில் கண்ணில் பட்ட சொல்லே திரும்பத் திரும்ப வந்து நிற்கும், வேறு எதையும் உள்ளே விடாது. தாளில் இடம் மாற்றி எழுதினால்தான் அந்தப் பிடி விடும்.

ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: எல், ஐ, எஸ், டி, ஈ, என். (இந்த டி, டேபிளில் முதலில் வருகிற டி.) ஆறும் வேறு வேறு எழுத்து என்பதால் 720 விதமாக வரிசைப்படுத்தலாம், ஏழு எழுத்து என்றால் 5040. அதனால் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றி எழுதுவது வேலைக்காகாது.

நடுவில் உயிரெழுத்துகளை எழுதுங்கள், ஐ, ஈ. சுற்றி மற்ற நான்கு. இப்போது நம் உயிர்மெய் அட்டவணை போல ஒவ்வொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: லி, லெ, சி, செ, டி, டெ, நி, நெ. எட்டே எட்டுதான். அவற்றின் பின்னால் மிச்சமுள்ள மெய்களை ஒட்டினால் லிஸ்ட், லின்ட், லென்ஸ், லென்ட், சில்ட், சென்ட், டின்ஸ், டென்ஸ், நெஸ்ட், நெட்ஸ் என்று நான்கெழுத்துச் சொற்கள் வரிசையாக வந்து விழும். தமிழ் படித்தவர்களுக்கு இது கைவந்த கலை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். நான் தவறவிடும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து வந்தேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே வகை.

ஒன்று, இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து தொடங்கும் சொற்கள். தமிழில் சொல் அப்படித் தொடங்காது, ஸ்கூலையே இஸ்கூல் என்று சொல்லிப் பழகிய காது இது, அதனால் ஸ்லிட் என்ற சொல் கண் முன்னால் இருந்தாலும் தோன்றாது. தோன்றும் என்று காத்திருக்காமல், சொல்லின் தலையில் வரக்கூடிய ஜோடிகளைத் தனியாக எழுதிவிடுங்கள். இந்த ஆறில் அப்படி வருபவை எஸ்-டி, எஸ்-எல், எஸ்-என். எஸ்-டி எழுதிய உடனே ஸ்டைன் (பீர் குடிக்கும் பெரிய குவளை), ஸ்டைல் (வேலியைத் தாண்ட வைக்கும் படி, கடைசியில் ஈ) இரண்டும் கிடைக்கும். வேறு எழுத்துகள் இருந்தால் டி-ஆர், பி-எல், சி-எச், டி-எச் எல்லாம் இதே பட்டியலில் சேரும்.

இன்னொன்று, ஒலிக்காத எழுத்துள்ள சொற்கள். டைல், லைன், சைட் என்று சொல்லும்போது கடைசி ஈ காதில் விழுவதே இல்லை, நாமோ காதால் தேடுகிறோம். எனவே ஈ இருந்தால் அதைக் கடைசிக் கட்டத்தில் வைத்துவிட்டு முன்னால் உள்ளதை நிரப்புங்கள். லைன், டைல், சைட், சைன் (கணக்கில் வருவது), டைன் (முள்கரண்டியின் ஒரு முள்) எல்லாம் வரும். நடுவில் ஒளிபவை இன்னும் கெட்டிக்காரச் சொற்கள்: சிறு தீவைக் குறிக்கும் ஐலெட்டில் ஒரு எஸ் இருக்கிறது, லிஸனில் ஒரு டி இருக்கிறது, இரண்டும் ஒலிக்காது.

சரி, ஐந்தெழுத்து கேட்கிறார்களா? ஆறில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். ஆறே வழிதான். என் போனால் டைல்ஸ், ஸ்டைல், ஐலெட். எல் போனால் இன்செட், ஸ்டைன், டைன்ஸ். டி போனால் லைன்ஸ், வங்கிக்காரர்கள் சொல்லும் லீனின் (கடனுக்காகச் சொத்தின் மேல் வைக்கும் பிடி) பன்மை லீன்ஸ். எஸ் போனால் இன்லெட். ஈ போனால் லின்ட்ஸ். ஐ போனால் பழக்கமான சொல் எதுவும் இல்லை, அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். நான்கெழுத்து என்றால் இரண்டைக் கழிக்க 15 வழி, அதுவும் கைக்கு அடக்கம்தான்.

முழு நீளச் சொல்லுக்கு வேறு உத்தி. ஆங்கிலச் சொற்களின் தலையும் வாலும் பெரும்பாலும் தெரிந்த துண்டுகள்: முன்னால் ரீ, இன், என், அன், பின்னால் இங், எர், என்ட், எஸ்ட். ஈ, என் இரண்டையும் தனியே எடுத்தால் மிச்சம் லிஸ்ட். துண்டை முன்னால் வைத்தால் என்லிஸ்ட், பின்னால் வைத்தால் லிஸன். எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது. இன் முன்னால் வந்தால் இன்லெட்ஸ், என்ட் பின்னால் வந்தால் சைலன்ட். ஐந்தாவதாக டின்சல், நம்ம ஊர் ஜிகினா. அது துண்டுகளில் சிக்காது, டின் என்று ஆரம்பித்து மீதியை ஒட்டிப் பார்த்தால்தான் வரும்.

ஏழெழுத்திலும் இதே கதைதான். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி கிடைத்தால் ரீ முன்னால் ரீடெய்ன்ஸ், எர் பின்னால் ஸ்டெய்னர், ஐ-ஈ-ஆர் பின்னால் நாஸ்டியர், எஸ் பின்னால் ரெட்டினாஸ். பலகையில் எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிளில் கையில் இருக்கும் ஏழு கட்டையையும் ஒரே ஆட்டத்தில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்பதால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த மாதிரிக் கூட்டங்களை மனப்பாடமே செய்கிறார்கள். எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி அந்த அடுக்கோடு சொற்களை நினைவில் வைப்பது அவர்கள் வழி. கணினி நிரலும் இப்படித் தேடலாம்: அகராதிச் சொல் ஒவ்வொன்றின் எழுத்துகளையும் வரிசைப்படுத்தினால் லிஸன், சைலன்ட் இரண்டுக்கும் ஒரே அடுக்கு வரும்.

தொடங்கும் முன் விதியை ஒரு முறை படித்துவிடுங்கள். ஸ்க்ராபிளில் ஒரு கட்டை ஒரு முறைதான். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஸ்பெல்லிங் பீ என்ற சொல் புதிரில் ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் புதிரின் நடுவில் இருக்கும் எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் கட்டாயம் வர வேண்டும். அங்கே கழித்தல் முறை உதவாது, தலை வால் முறை உதவும்.

எழுத்தும் நீளமும் கொடுத்தால் விடை காட்டும் தளங்கள் நிறைய உண்டு. பத்து நிமிடம் தாளில் தேடிய பிறகு திறந்து பாருங்கள், விட்டுப்போனவற்றை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். உங்கள் நோட்டில் எந்த வகை அதிகமோ, அடுத்த முறை அதில் இருந்து தேட ஆரம்பியுங்கள்.