வேலூர் வெயிலில் மொட்டைமாடித் தோட்டம்: தையல் நோட்டின் கடைசிப் பக்கங்கள்

வேலூரில் வாடகை வீடு, இரண்டாவது மாடி. தலைக்கு மேலே மொட்டைமாடி. தொழில் தையல். அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான்கு கோடையாகச் செடிக் கணக்கும் எழுதுகிறேன். முதல் வருடப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "தக்காளி 4 செடி, 3 பழம். வெண்டை மஞ்சள். பந்தல் போச்சு."

அந்த வருடம் நான் விதை போட்டது சித்திரை பிறந்த பிறகு. அதுதான் முதல் தப்பு. சித்திரையில் மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் முளை எப்படி நிற்கும்? மாசி முதல் வாரத்தில் விதைத்துவிடுங்கள். அக்கினி நட்சத்திரம் தொடங்கும் மே 4 வாக்கில் செடி வேரை நன்றாக இறக்கியிருக்கும். மாசியைத் தவறவிட்டால் கீரையோடு நிறுத்திக்கொண்டு ஆடிக்குக் காத்திருப்பது மேல். முளைக்கீரை 25, 30 நாளில் பறிக்கலாம், நிழல் மட்டும் வேண்டும்.

என்ன போடலாம்? வெண்டை, கொத்தவரை, காராமணி, பீர்க்கு, புடலை, வெள்ளரி. இவை சூட்டுக்குப் பழகினவை. கத்தரியில் எங்கள் ஊர் முள் கத்தரி. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைவது, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பறிக்கும்போது விரலைக் குத்தும், எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தால் அதெல்லாம் மறந்துபோகும்.

தக்காளியைக் கோடையில் விட்டுவிடுங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாவிட்டால் அதன் மகரந்தம் வேலை செய்யாது, பூ காம்போடு கொட்டும். இங்கே மே மாதம் 40 சர்வ சாதாரணம். உரம் போதவில்லை என்று நினைத்து நான் மேலும் மேலும் மண்புழு உரம் போட்டேன். செடி புதர் மாதிரி ஆனது, காய் மட்டும் இல்லை.

மண்ணுக்கு என் கணக்கு: செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செடி வளர்க்கும் ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதில் இருக்கும் உப்பு வேரைக் கெடுக்கும். கொடிக்கும் கத்தரிக்கும் 15 அங்குலப் பை, வெண்டைக்கு 12 போதும். வெறும் மண்ணை நிரப்பினால் பையை நகர்த்த ஆள் கூப்பிட வேண்டியிருக்கும், மாடிக்கும் பாரம்.

பையை நேராகத் தரையில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தரைச் சூடு வேருக்கு ஏறாது, அடியில் ஈரம் தேங்காது, "என் தளம் ஊறிடுமே" என்று வீட்டுக்கார அம்மாவும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா முதல் வருடம் தினமும் மேலே வந்து தரையைத் தடவிப் பார்த்தார்கள். இப்போது வந்தால் கொத்தவரங்காயைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

வெயிலில் முதலில் அடி வாங்குவது மேற்கு ஓரப் பைகள்தான். பிற்பகல் வெயில் பையின் பக்கவாட்டைச் சுட்டு உள்ளே வேரை வேகவைக்கும். பைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, மேற்குப் பக்க வரிசைக்குப் பழைய சணல் சாக்கைச் சுற்றிவிடுவேன். மண் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை அல்லது தேங்காய் மட்டைத் துண்டு. இந்த மூடாக்கு இல்லாத பை சாயங்காலத்துக்குள் வறண்டுவிடும்.

வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல் வலை போதும். அதற்கு மேல் போனால் கொடி நீளுமே தவிரக் காய்க்காது. முதல் வருடம் வலையை நாலு மூலையிலும் விறைப்பாக இழுத்துக் கட்டினேன். ஒரு சாயங்காலம் கோடை மழைக் காற்று அடித்தது. வலை கப்பல் பாய் மாதிரி உப்பி, மூங்கிலோடு பீர்க்கம் பந்தலையும் பிடுங்கிக்கொண்டு பக்கத்து மாடிக்குப் போனது. இப்போது வலையின் ஓரத்தை நைலான் நாடா வைத்து மடித்து மிஷினில் 18-ஆம் நம்பர் ஊசியால் அடித்திருக்கிறேன். மூன்று பக்கம் கெட்டி முடிச்சு. நாலாவது பக்கம் ஓர் இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சு. மேகம் கருத்தால் மேலே ஓடிப்போய் அந்தப் பக்கத்தை அவிழ்த்துவிடுவேன். அப்படியே தண்ணீர் போகும் துளையில் மூடாக்கு இலை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை பார்க்காமல் விட்டு, மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

தண்ணீர் காலை ஏழு மணிக்குள். அக்கினி நாட்களில் சாயங்காலம் இன்னொரு தடவை. குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீர் கொதிக்கும், அதை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பீர்க்கு இலை துவண்டு தொங்குவதைப் பார்த்தால் மனசு கேட்காது. ஆனால் ஊற்றாதீர்கள். அது வெயிலுக்குச் செடி பிடிக்கிற குடை. ஐந்து மணிக்குத் தானே நிமிரும். காலை ஆறு மணிக்கும் துவண்டிருந்தால்தான் கவலை. அப்போது விரலை இரண்டு கணு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகல்.

"பூ பூக்குது, பிஞ்சு மஞ்சளாகி விழுது" என்று துணி தைக்க வருகிறவர்கள் கேட்பார்கள். கொடிகளில் முதலில் வருவது ஆண் பூ. அது உதிர்வது இயல்பு. பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ. அதற்கு ஆண் பூவின் மகரந்தம் கிடைக்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். மாடிக்குத் தேனீ குறைவு, நாம்தான் தேனீ ஆக வேண்டும். பீர்க்கு விரிவது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், புடலை அதற்கும் பிந்தி. வெள்ளரியும் பாகலும் காலையில். இது தெரியாமல் ஒரு வருடம் முழுக்கக் காலையில் போய் மூடிய பீர்க்கம் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் நிற மகரந்தத் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்கு வரும். பிடித்துக்கொண்டால் மூன்று நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கும். இப்படிச் செய்த முதல் கோடையில் நோட்டில் பீர்க்கு 11.

பூச்சியில் கோடைக்கென்றே வருவது செஞ்சிலந்தி. இலை மேலே ஊசி குத்தினாற்போல் வெளிர்ப் புள்ளி, கீழே மெல்லிய நூலாம்படை. காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கும் அளவு சோப்புக் கரைசல். வெயில் சாய்ந்த பிறகு மட்டும். காலை ஒன்பது மணிக்கு அடித்து ஒரு வரிசை கத்தரி இலையைக் கருக்கியிருக்கிறேன்.

வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளானால் மருந்து தேடாதீர்கள், அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். பிடுங்கிப் போடுங்கள். பிடுங்க மனசு வராமல் ஒரு செடியை விட்டுவைத்தேன், பத்து நாளில் ஒன்பது செடியும் மஞ்சள். அந்த நோயைத் தாங்கவென்று உருவாக்கிய அர்கா அனாமிகா ரகத்தை இப்போது போடுகிறேன். கூடவே மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுகிறேன்.

பறித்த சுரை, பீர்க்கு, வெள்ளரியில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் காணாத கொடியில் கசப்பு ஏறும். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். சமைத்தாலும் கசப்பு போகாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். பேய்ச்சுரை என்று பெரியவர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை.

வைகாசி முடிவில் கத்தரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்து ஒரு கைப்பிடி உரம் வையுங்கள், ஆடியில் மறுபடி துளிர்க்கும். பீர்க்கில் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிடுங்கள். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும்போது நுனியை உடைத்துக் கவிழ்த்தால் கறுப்பு விதை கொட்டும். நான் அதைப் பட்டன் டப்பாவில் போட்டு, மேலே மாதம் எழுதி வைத்திருக்கிறேன்.