ஐரோப்பிய பாணி பாரில் மெனு கார்டைப் படிப்பது எப்படி: மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் குடிக்க உட்காரும் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கேள்விதான்: பீரா, ஹாட்டா? அதற்கு மேல் எந்த பிராண்ட், கூலிங் இருக்கிறதா, தொட்டுக்க என்ன, அவ்வளவுதான். அதே பழக்கத்தோடு அழகர்கோயில் சாலையிலோ பசுமலைப் பக்கமோ ஒரு நட்சத்திர ஓட்டல் பாருக்குள் போய் உட்கார்ந்தால் பில்ஸ்னர், வீட் பீர், சிங்கிள் மால்ட், கோன்யாக், நெக்ரோனி என்று கார்டு பக்கம் பக்கமாக நீளும். நாம் வலது ஓரத்தில் இருக்கும் விலையை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "எது தம்பி நல்லா ஏறும்?" என்று கேட்டு வேலையை முடித்துவிடுவோம்.

ஏறுவதுதான் நோக்கம் என்றால் இங்கே வரவே வேண்டாம், டாஸ்மாக்கில் அதே போதை மலிவாகக் கிடைக்கிறது. இங்கே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு வாசனைக்கும், சுவைக்கும், கலக்குகிறவரின் கைக்கும்தான். அந்தக் காசு வீணாகாமல் இருக்க கார்டைப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். (21 வயது ஆகாதவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது, தமிழ்நாட்டில் சட்டம் அதுதான். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி நாட்களில் எங்கேயும் கதவு திறக்காது.)

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கிளாஸில் எத்தனை மில்லி, அதில் எத்தனை சதவீதம், இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் உள்ளே போகிற சுத்தமான ஆல்கஹால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 52 மில்லி இருக்கிறது. 42.8 சதவீத விஸ்கி ஒரு லார்ஜில், அதாவது 60 மில்லியில், சுமார் 26 மில்லி. ஆக "பீர்தானே மாப்ள" என்று முழுசாக ஒரு ஸ்ட்ராங்கை முடிப்பவர் இரண்டு லார்ஜ் அடித்தவருக்குச் சமம். 330 மில்லி லாகர் 5 சதவீதம் என்றால் பதினாறரை மில்லிதான். கார்டில் என்ன பெயர் போட்டிருந்தாலும் இந்தக் கணக்கை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், பாதி முடிவு தானாக வந்துவிடும்.

அடுத்து, கார்டில் இருப்பதெல்லாம் பாரில் இருக்காது. நம்ம ஊரில் இது ரொம்ப சகஜம், பத்து பெயர் சொன்னால் ஏழுக்கு "ஸ்டாக் இல்ல சார்" என்று பதில் வரும். அதனால் கார்டை விரிப்பதற்கு முன்பே, "தம்பி, இன்னைக்கு வெளிநாட்டு பீர்ல என்னென்ன இருக்கு, பாட்டிலைக் கொண்டு வந்து காட்டுங்க" என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, காசு உங்களுடையது. பாட்டில் வந்ததும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். எங்கே தயாரித்தது, எந்தத் தேதி என்று இருக்கும். ஹைனகென், கார்ல்ஸ்பெர்க் எல்லாம் பெயர்தான் வெளிநாடு, இங்கே கிடைப்பவை பெரும்பாலும் இந்தியாவிலேயே காய்ச்சியவை. அதில் தவறில்லை, ஆனால் இறக்குமதி விலை போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். பழைய தேதி என்றால் திருப்பிக் கொடுங்கள், ஏனென்றால் பீருக்கு வயதாக ஆக ருசி கூடாது, குறையத்தான் செய்யும். பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வெளிச்சம் பட்டால் பீரில் இருக்கும் ஹாப்ஸ் (கசப்புக்காகச் சேர்க்கும் ஒரு பூ) கெட்டு ஒரு மாதிரி நாற ஆரம்பிக்கும், பழுப்பு பாட்டில் அதை ஓரளவு தடுக்கும். சித்திரை வெயிலில் லாரியில் வந்து இறங்கிய சரக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பீர் பக்கம் வருவோம். லாகர் என்பது குளிர்ச்சியில் மெதுவாகப் புளிக்க வைத்தது, சுத்தமான, லேசான சுவை. நாம் காலங்காலமாகக் குடிப்பதும் அந்த வகைதான். பில்ஸ்னர் அதில் ஒரு பிரிவு, செக் நாட்டின் பில்சன் ஊரில் 1842-ல் ஆரம்பித்தது, பொன் நிறம், ஹாப்ஸ் கசப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எனக்குக் கேட்டால் மதுரைக்காரர்கள் முதலில் தொட வேண்டியது வீட் பீர், கோதுமை பீர். ஜெர்மன் வகையில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். ஆனால் பழமும் கிராம்பும் உள்ளே கிடையாது, அந்த ஈஸ்ட்டே அப்படி ஒரு வாசனையைக் கொடுக்கிறது. பெல்ஜிய வகையில், உதாரணமாக ஹூகார்டனில், நிஜமாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். மல்லி வாசத்தோடு ஒரு பீர் என்றால் நம் சாப்பாட்டோடு ஒத்துப்போகாமல் வேறு எது ஒத்துப்போகும்?

கோதுமை பீரை ஊற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பாட்டிலை மெதுவாக ஊற்றுங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம் வைத்து, பாட்டிலை மேஜை மேல் வட்டமாகச் சுழற்றுங்கள். அடியில் தங்கியிருக்கும் ஈஸ்ட் கலங்கி வரும், அதையும் சேர்த்து ஊற்றினால் மேலே வெள்ளையாக நுரை எழும்பி கிளாஸ் மங்கலாகும். மங்கலாக இருக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். பணியாளர் பாதி பேருக்கே இந்த முறை தெரியாது, நானே ஊற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம். அப்புறம், எந்த பீரிலும் ஐஸ் போடாதீர்கள். பல் கூசும் அளவுக்குக் கூலிங்கும் வேண்டாம், நாக்கு மரத்துப்போனால் ஐநூறு ரூபாய் பீரும் நூத்தம்பது ரூபாய் பீரும் ஒன்றுதான்.

ஸ்டவுட் என்ற பீர் வகை கறுப்பாக இருக்கும், அதனால் பயங்கர ஸ்ட்ராங் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். கறுப்பு வறுத்த பார்லியால் வருவது. அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான், நம்ம ஸ்ட்ராங்கில் பாதி.

இனி ஹாட். தமிழ்நாடு பிராந்தி ஊர், ஆனால் இங்கே விற்கும் பிராந்தியில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தவை. அதைக் குடித்துப் பழகியவர் கார்டில் கோன்யாக் விலையைப் பார்த்து அதிர்ச்சியாவது நியாயம்தான். கோன்யாக் பிரான்ஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் விளைந்த வெள்ளைத் திராட்சையில் ஒயின் செய்து, இரண்டு தடவை வடித்து, ஓக் பீப்பாயில் ஊறவைத்தது. வி.எஸ். என்றால் குறைந்தது 2 வருஷம், வி.எஸ்.ஓ.பி. 4 வருஷம், எக்ஸ்.ஓ. 10 வருஷம். முதல் தடவைக்கு வி.எஸ்.ஓ.பி. ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி, போதும். சோடா, கோலா எதுவும் வேண்டாம், கிளாஸை உள்ளங்கையில் வைத்து மோந்து மோந்து சின்னச் சின்னதாகக் குடியுங்கள். கோலா ஊற்றிவிட்டால் அப்புறம் கோலா வாசனைதான், அதற்கு நம்ம ஊர் பிராந்தியே மேல்.

ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்தில் வடித்து, குறைந்தது 3 வருஷம் ஓக் பீப்பாயில் இருந்தாக வேண்டும், 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிங்கிள் மால்ட் ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது, பிளெண்டட் பல ஆலைச் சரக்கைக் கலந்தது. கார்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அங்கேயே பாட்டிலில் அடைத்து வந்ததா, பீப்பாய்க் கணக்கில் கொண்டுவந்து இங்கே அடைத்ததா? 100 பைப்பர்ஸ், டீச்சர்ஸ் மாதிரியானவை இங்கே அடைப்பவை, உள்ளே இருப்பது ஸ்காட்ச்தான், விலை கணிசமாகக் குறையும். கையில் காசு அளவாக இருக்கும் நாளில் தைரியமாக அதையே சொல்லுங்கள். எதை வாங்கினாலும் அளவுக் கிண்ணத்தில் 30, 60 என்று உங்கள் கண் முன்னால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். மால்ட்டில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசனை நன்றாக எழும்.

கிரேக்கத்து ஊஸோ, பிரெஞ்சு பாஸ்டிஸ் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும், தண்ணீர் விட்டதும் பால் நிறமாக மாறும். அவ்வளவுதான் வித்தை, ஆனால் கோலா உருண்டைக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடையாது.

காக்டெய்ல் பக்கத்தில்தான் அதிகம் ஏமாற வாய்ப்பு. அங்கே முதலில் கேட்க வேண்டியது, "எலுமிச்சை பிழிஞ்சு போடுறீங்களா, பாட்டில் ஜூஸா?" என்பது. நம்ம ஊரில் சந்தைக்குச் சந்தை எலுமிச்சை குவிந்து கிடக்கிறது, இங்கே போய் பாட்டில் சாறு ஊற்றுகிற பாரில் காக்டெய்லையே விட்டுவிட்டு பீரோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்டெண்டரின் கையைச் சோதிக்க ஜின் அண்ட் டானிக் சொல்லுங்கள். ஜின், டானிக் என்கிற கசப்பு சோடா, எலுமிச்சை, ஐஸ், இதில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. கிளாஸ் நிறையப் பெரிய ஐஸ் கட்டிகள், டானிக் உங்கள் முன்னால் திறந்த புது பாட்டில், இரண்டும் இருந்தால் ஆள் தேறுவார். டானிக்கின் கசப்பு குயினைனால் வருவது. மலேரியாவுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் குடித்த அதே குயினைன், அதற்காகவே 1860-களில் நீலகிரியில் அது கிடைக்கும் சின்கோனா மரங்களை நட்டார்கள். பாரில் புற ஊதா விளக்கு (பிளாக் லைட்) இருந்தால் அதன் கீழே கிளாஸைக் காட்டிப் பாருங்கள், நீலமாக ஒளிரும்.

நெக்ரோனி இத்தாலிக்காரர்களுடையது. ஜின், காம்பாரி (கசப்பான சிவப்பு மது), இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றும் சம அளவு, வழக்கமாக 30 மில்லி வீதம். முதல் மடக்கு நிலவேம்புக் கஷாயம் மாதிரிதான் இருக்கும், மூன்றாவது மடக்கில் பிடித்துப்போகலாம், இல்லை ஜென்மத்துக்கும் பிடிக்காமலும் போகலாம். உள்ளே போவது கிட்டத்தட்ட ஒரு லார்ஜ் அளவு, அதனால் மடமடவென்று இறக்காதீர்கள். கசப்பு கம்மியாக வேண்டும் என்றால் அபெரோல் ஸ்ப்ரிட்ஸ்: புரோசெக்கோ (நுரைக்கும் இத்தாலிய வெள்ளை ஒயின்) மூன்று பங்கு, அபெரோல் (காம்பாரி மாதிரி, ஆனால் கசப்பு குறைவு) இரண்டு, சோடா ஒன்று. மதுரை வெயிலுக்கு இது அருமையாக இருக்கும், ஆனால் புரோசெக்கோ இல்லாமல் ஏதோ ஒரு வெள்ளை ஒயினில் சோடா கலந்து கொடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விஸ்கி சவரில் சில இடங்களில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன், சரக்கு மட்டும்தான் என்று சொல்பவர்கள் நம் ஊரில் உண்டு, அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ ஐரோப்பாவே கிடையாது, அமெரிக்காவுடையது, இருந்தாலும் எல்லாக் கார்டிலும் இருக்கிறது, நம் பையன்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள். ஓட்கா, ஜின், ரம், டெக்கிலா, ஆரஞ்சு லிக்கர் என்று ஐந்து சரக்கு, ஒவ்வொன்றும் எத்தனை மில்லி என்று கேட்டு மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

தொட்டுக்க என்ன? காரம் தூக்கலாக இருந்தால் கசப்பான பில்ஸ்னரும் சோடா கலந்த விஸ்கியும் எரிச்சலை ஏற்றிவிடும். மட்டன் சுக்கா, பெப்பர் சிக்கன் வகையறாவுக்கு கோதுமை பீர்தான் சரி. வறுத்த மீன், நிலக்கடலை மசாலாவுக்கு லாகர். கோன்யாக்கோடு எதையும் சாப்பிடாதீர்கள், சாப்பிட்டு முடித்த பிறகு அதைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசையும் முக்கியம், லேசானதில் ஆரம்பித்து கனமானதுக்குப் போங்கள். முதலிலேயே மால்ட் குடித்த நாக்குக்கு அப்புறம் எந்த பீரும் தண்ணீராகத்தான் தெரியும். ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், பாட்டில் தண்ணீர் விலை கட்டுப்படியாகாவிட்டால் சாதா தண்ணீர் என்று கேளுங்கள். பில் வந்ததும் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது கட்டாயம் இல்லை, எடுத்துவிடச் சொல்லலாம், அதற்குப் பதிலாக நன்றாகக் கவனித்த தம்பி கையில் நேராகக் கொடுத்துவிடலாம்.

வண்டியில் வந்திருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ஓட்டல் வாசலில் ஆட்டோ நிற்கும், வாட்ச்மேனிடம் வண்டி நம்பரைச் சொல்லிவிட்டு வந்தால் காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம்.