பி.டி. வகுப்பில் பாத்திந்தேரோ: முதல் பாடம் நடத்துவது எப்படி?

பிலிப்பைன்ஸில் ஆகஸ்ட் மாதம் தேசிய மொழி மாதம். அப்போது பள்ளிகளில் ‘லாரோ நங் லாஹி’ எனப்படும் மரபு விளையாட்டுகளையும் பல இடங்களில் நடத்துகிறார்கள். மாதம் முடிந்ததும் மறுபடி கூடைப்பந்து, கைப்பந்துதான். விழா நாளில் மட்டும் ஆடினால் ஒரு விளையாட்டு எப்படிப் பிழைக்கும்? உடற்கல்வி வகுப்பில் வாராவாரம் ஆடினால்தான் பிள்ளைகளின் கால்களுக்கு அது பழகும். புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு என் பரிந்துரை பாத்திந்தேரோ. கோடுகளில் காவல் நிற்பவர்களிடம் தொடப்படாமல் மறுபக்கம் ஓடித் திரும்பும் மரபு விளையாட்டு இது. கிளித்தட்டு ஆடிய நம்மவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

முதலில் கோடு. மண் தரையில் தண்ணீர் ஊற்றியே கோடு போடுவார்கள். சிமெண்டுத் தரைக்குச் சாக்பீஸ். 5 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளத்தில் ஒரு செவ்வகம். 3 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள். முன், பின் எல்லைகளையும் சேர்த்து மொத்தம் 4. நடுவே நீளவாக்கில் ஒரு கோடு. 6 கட்டங்கள் கிடைக்கும். இடைவெளியைக் குறைக்காதீர்கள். காவல் நிற்பவரின் கை எட்டாத இடம் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

அடுத்து அணி. பக்கத்துக்கு 4 பேர். குறுக்குக் கோட்டுக்கு ஒருவராகக் காவல் அணி நிற்கும். முன்கோட்டில் நிற்பவர் ‘பதோதோத்’. அவர் நடுக்கோட்டிலும் ஓடலாம் என்பதால் பின்னாலிருந்தும் தொட்டுவிடுவார். விளையாட்டின் உயிரே இவர்தான். ஆனால் வேகமான பிள்ளைக்கே எப்போதும் இந்த இடத்தைக் கொடுக்க வேண்டாம், சுற்றுக்கு ஒருவராக மாற்றுங்கள்.

ஒரு வகுப்பில் 40 பேர் இருந்தால் 5 களம் போடுங்கள். ஒரே களத்தில் 8 பேர் ஆட, 32 பேர் வேடிக்கை பார்த்தால் அது உடற்கல்வி ஆகாது.

இனி விதிகள். ஓடும் அணி எல்லாக் கோடுகளையும் கடந்து பின் எல்லைக்குப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். ஒருவர் வெற்றிகரமாகத் திரும்பினால் ஒரு புள்ளி. காவலர் தன் கோட்டில் கால் வைத்தபடியே தொட வேண்டும். ஒருவர் தொடப்பட்டாலும், களத்துக்கு வெளியே கால் வைத்தாலும் இரு அணிகளும் இடம் மாறும். திறந்த உள்ளங்கையால் மட்டும் தொட வேண்டும், தள்ளக் கூடாது. இதை ஆட்டம் தொடங்குமுன் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

முதல் சுற்றை நடையாகவே ஆடச் சொல்லுங்கள். சரி, விதி புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் ஓட விடுங்கள். சுற்றுக்கு 2 நிமிடம் போதும்.

முக்கியமான படி இதற்குப் பிறகுதான். இரண்டாவது வகுப்பில் பிள்ளைகளே கோடு போடட்டும், தொட்டதா இல்லையா என்ற சண்டையையும் அவர்களே பேசித் தீர்க்கட்டும். தெருவில் நடுவர் இல்லாமல் வளர்ந்த ஆட்டம் இது. அந்தப் பழக்கம் வந்தால்தான் பள்ளி விட்ட பிறகும் ஆடுவார்கள். அப்புறம் வீட்டில் தாத்தா பாட்டி எந்த விதியில் ஆடினார்கள் என்று கேட்டு வரச் சொல்லி, அடுத்த வாரம் அப்படியும் ஒரு சுற்று ஆடிப் பாருங்கள்.